மகன் சிமுலேட்டரில் விமானம் இறக்குகிறான். பைலட் படிப்புக்கு அனுப்பலாமா?

அன்புள்ள அம்மா,

பிளஸ் ஒன் படிக்கும் மகன் மாலை முழுவதும் கணினியில் விமானம் ஓட்டுகிறான், பைலட் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், அவன் அப்பா வீட்டை அடமானம் வைக்கலாமா என்று யோசிக்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். வீட்டுப் பத்திரத்தில் இப்போது கை வைக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். செஸ்னா 172 விமானத்தில், மேகம் 500 அடிக்குத் தாழ்ந்திருக்கும்படி வானிலையை அமைத்து, சென்னையின் 07 ஓடுபாதையில் ஐ.எல்.எஸ். வழியாக இறங்கச் சொல்லுங்கள். வேடிக்கைக்காகப் பறக்கிற பிள்ளையா, தொழிலுக்கு ஏற்ற பிள்ளையா என்பது பெரும்பாலும் அதிலேயே பிடிபட்டுவிடும்.

ஐ.எல்.எஸ். என்பது ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் விமானத்தை அதன் வாசல்வரை கொண்டுவரும் வானொலி ஏற்பாடு. லோக்கலைசர் என்ற அலை இடம் வலம் சொல்லும். கிளைடு ஸ்லோப் என்ற அலை உயரம் சொல்லும். விமானத்தில் இரண்டு முட்கள். இரண்டையும் நடுவில் வைத்திருந்தால் வழக்கமாக 3 டிகிரி சரிவில் இறங்கி வரலாம்.

கிளம்புவதற்கு முன் அவன் என்ன செய்கிறான் என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அந்த ஓடுபாதைக்கான அணுகுமுறை வரைபடத்தை, அதாவது இறங்கும் வழியைக் காட்டும் படத்தை, திறக்கிறானா? இந்திய விமான நிலைய ஆணையம் இவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அதிலிருந்து லோக்கலைசர் அலைவரிசையை எடுத்து வானொலியில் வைக்கிறானா? அது 108க்கும் 112 மெகாஹெர்ட்ஸுக்கும் இடையில் ஓர் எண்ணாக இருக்கும். வைத்தபின் அந்த நிலையத்தின் அடையாளமான மோர்ஸ் ஒலியைக் கேட்டுச் சரிபார்க்கிறானா? முள் எதைப் பின்பற்றுகிறது என்று பார்க்கிறானா? சிமுலேட்டரில் பழகுகிற பிள்ளைகளில் பலர் தடுமாறும் இடம் இது. அலைவரிசை சரியாக இருக்கும். ஆனால் முள் இன்னும் ஜி.பி.எஸ். வழியைக் காட்டிக்கொண்டிருக்கும். அதை மாற்றாமல் அப்ரோச் பொத்தானை அழுத்திவிட்டு, ஆட்டோபைலட் சரியில்லை என்று திட்டுவார்கள்.

அடுத்து, கிளைடு ஸ்லோப்பைக் கீழிருந்து பிடிக்கிறானா என்று பாருங்கள். மேலே இருந்து துரத்திப் பிடிக்கப் போனால், செங்குத்தான பொய்ச் சரிவு ஒன்றில் மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. 10 கடல் மைல் தொலைவில் 3 டிகிரிச் சரிவின் உயரம் ஓடுபாதையிலிருந்து ஏறத்தாழ 3,200 அடி. இந்தக் கணக்கை அவன் வாயால் சொல்லக் கேளுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: தரைவேகம் 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்) என்றால் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும்? ஐந்தால் பெருக்கினால் போதும், சுமார் 450 அடி. அதே விமானத்துக்கு எதிர்க்காற்று 15 நாட் வந்தால்? தரைவேகம் 75 ஆகக் குறையும் என்று கண்டு, காகிதம் தேடாமல் 375 என்று சொல்கிற பிள்ளைக்கு இயற்பியலும் கணிதமும் பாரமாக இருக்காது.

இனி முக்கியமான சோதனை. இரண்டாம் முறை மேகத்தை 100 அடிக்கு இறக்கி வைக்கச் சொல்லுங்கள். சாதாரண முதல்வகை ஐ.எல்.எஸ். அணுகுமுறையில் 200 அடியில் முடிவெடுத்தாக வேண்டும். ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரியாவிட்டால் விசையைக் கூட்டி மேலேறிவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் இறங்கினால் தெரிந்துவிடும்’ என்று 150, 120 என்று போகிறானா, மறுபேச்சில்லாமல் மேலேறுகிறானா? மேலேறினால் எனக்கு அவன்மேல் நம்பிக்கை வரும். இறங்கினால் திட்டாதீர்கள், பதினாறு வயதில் எல்லோருக்கும் வரும் ஆசைதான் அது. ஏன் இறங்கினாய் என்று மட்டும் கேளுங்கள்.

அவன் கேட்கும் கேள்விகளையும் கவனியுங்கள். ‘முள்ளுக்கு எப்படித் தெரிகிறது?’ என்று தோண்டுகிறானா? அந்த அலையில் 90, 150 ஹெர்ட்ஸ் என இரண்டு துடிப்புகள் ஏற்றப்பட்டிருக்கின்றன. எது மிகுகிறதோ அதைக்கொண்டு விமானம் எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று கருவி அறிகிறது. இதில் கண் மின்னுகிற பிள்ளை மின்னணுவியல் பொறியியல் படித்து, இந்தக் கருவிகளைப் பராமரிக்கும் பணிக்குப் போகலாம். பல விமானங்களை எப்படி வரிசைப்படுத்தி இறக்குகிறார்கள் என்று கேட்பவனுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணி இருக்கிறது. இயற்பியல், கணிதத்துடன் பி.எஸ்சி. முடித்தவர்களும் அந்தத் தேர்வை எழுதலாம். இரண்டையும் பைலட் ஆக முடியாதவர்களின் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அடமானம் இல்லாமல் எட்டக்கூடிய, மதிப்புள்ள பணிகள் அவை.

பைலட்தான் என்று உறுதியாக நின்றால், வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது, பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும், 200 மணி நேரப் பறப்பு ஆகியவை வேண்டும். வீட்டுச் சிமுலேட்டரில் ஓட்டிய ஒரு மணி நேரமும் கணக்கில் ஏறாது என்பதை அவனிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். செலவு 50 லட்சம் ரூபாயைத் தொடும், தாண்டவும் செய்யும். உரிமம் கையில் வந்தபின்னும் வேலைக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் கடன் பேச்சுக்கு முன் மருத்துவப் பரிசோதனை நடக்கட்டும். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் நிலைச் சான்றும், பின்னர் முதல் நிலைச் சான்றும் பெற வேண்டும். நிறப்பார்வைக் குறையோ வேறு தடையோ இருந்தால் இப்போதே தெரிந்துவிடுவது நல்லது.

சிமுலேட்டரைப் பிடுங்கி வைக்க வேண்டாம். விலையுயர்ந்த பெடல், கூடுதல் திரை எதுவும் வாங்கித் தரவும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு அணுகுமுறைகள், ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கக் குறிப்பு, அவ்வளவு போதும். கருவிகளையே பார்த்துப் பழகிய கண்கள் பயிற்சி விமானத்தில் வெளியே பார்க்க மறந்துவிடும் என்பதால், தெளிந்த வானில் கருவியை நம்பாமல் இறங்கவும் பழகட்டும்.

அரையாண்டு விடுமுறையில் மருத்துவரைப் பாருங்கள். முடிவு வந்ததும் அவனுடைய கணித, இயற்பியல் மதிப்பெண்களையும் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு மூவருமாக வாருங்கள்.