சட்டம் அறிவோம்: அனுமதி கேட்டுச் செல்லும் மேல்முறையீடு

கேள்வி: ஐயா, செம்பனைக் குலைகளைத் திருடியதாக என் தம்பிக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றம், விசாரணைக்குப் பிறகு, ஆறு மாதச் சிறை விதித்தது. சென்ற வாரம் உயர் நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திவிட்டது. புத்ராஜெயாவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக முதலில் அனுமதி வாங்க வேண்டுமாம். எதை வைத்து அனுமதி தருவார்கள்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, நாட்கள் குறைவாக இருப்பதால் இப்பதிலை உங்களுக்குத் தபாலிலும் முன்னதாக அனுப்பியிருக்கிறேன். உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல உங்கள் தம்பி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு மேல் செல்லும்போது நிலைமை வேறு. மாஜிஸ்திரேட்டிடம் தொடங்கிய வழக்கில், 1964ஆம் ஆண்டு நீதிமன்றச் சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி, மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டக் கேள்வியை மட்டுமே எடுத்துக்கொள்ளும். அக்கேள்வி உயர் நீதிமன்றத்தில் எழுந்ததாகவும், அதற்கு நீதிபதி கண்ட விடை வழக்கின் முடிவைப் பாதித்ததாகவும் இருக்க வேண்டும்.

"காவலாளி பொய் சொன்னார், லாரியில் இருந்தது என் தம்பி இல்லை" என்று நீங்கள் எழுதினால், அது எவ்வளவு உண்மையானாலும் சாட்சியத்தைப் பற்றியதுதான். அதை இரண்டு நீதிமன்றங்கள் எடைபோட்டுவிட்டன. மாறாக, "திருடவில்லை என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவர் மெய்ப்பிக்கத் தவறிவிட்டார்" என்று மாஜிஸ்திரேட் எழுதி, உயர் நீதிமன்றமும் அதைச் சரியென்று ஏற்றிருந்தால், அது சட்டக் கேள்வி. ஏனெனில் குற்றத்தை நியாயமான ஐயத்துக்கு அப்பால் மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையது, உங்கள் தம்பி அந்த ஐயத்தை எழுப்பினாலே போதும். அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று வழக்கறிஞருடன் உட்கார்ந்து தேடுங்கள்.

அனுமதி மனுவை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். சம்பள நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மனு கொடுத்ததாலேயே தண்டனை நின்றுவிடாது, அதை நிறுத்திவைக்கத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். இவ்வகை வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை செல்வதில்லை என்பதால், மேல்முறையீட்டு நீதிமன்றமே கடைசிப் படி.

உங்கள் தம்பி விசாரணை கேட்டது நல்லதாயிற்று. வழக்கு சீக்கிரம் முடிந்தால் போதும் என்று தோட்டத்துப் பிள்ளைகள் பலர் குற்றத்தை ஒப்புக்கொள்வது என்னை வருத்துகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 305ஆவது பிரிவின்படி, ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவையோ அது சட்டப்படியானதா என்பதையோ மட்டுமே எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம், குற்றத் தீர்ப்பைத் தொட இயலாது. அதைப் பிறகு எங்களிடம் கேட்டு எழுதுபவர்களுக்கு நான் தரக்கூடிய பதில் மிகச் சிறியது.