வைக்கோல் புகை காற்றில் என்னவாகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பின்னேரம் கொளுத்திய வைக்கோலின் புகை விடியும் வரை ஊருக்குள்ளேயே நிற்கிறது. பகலில் கொளுத்தினால் அப்படி நிற்பதில்லை. ஏன்? (சாவகச்சேரி)

காலபோக அறுவடை முடியும் தை, மாசியில், காற்று ஓய்ந்த தெளிந்த இரவுகளில் நிலம் விரைவாகக் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும். மேலே இருப்பது அதைவிடச் சூடான காற்று. குளிர்ந்த காற்று கனமானதால் மேலெழாது, புகையும் அதோடு தாழ்வாகவே கிடக்கும். புகைத் துகள்களிலுள்ள பொற்றாசியம் குளோரைட்டு ஈரத்தை உறிஞ்சி வீங்குவதால் காலைப் பனியும் தடிக்கிறது. வெயில் ஏறி நிலம் சூடான பின்தான் இது கலையும். அதற்காக மத்தியானத்தில் எரிக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஊரில் குறைவது காற்று போகும் பக்கத்து ஊருக்குப் போய்ச் சேரும்.

அயலில் வயல்கள் எரிந்து இரண்டு நாளில் என் புகையிலையின் முற்றிய இலைகளில் வெண்புள்ளிகள். நெருப்பு வெகு தூரத்தில். புகையால் வருமா? (நீர்வேலி)

வரலாம். ஆனால் காரணம் நீங்கள் பார்த்த புகையல்ல, அதிலிருந்து பிறகு உண்டாகும் ஓசோன் வாயு. நெருப்பு ஓசோனை வெளிவிடுவதில்லை. அது வெளிவிடுவது நைதரசன் ஒட்சைட்டுகள், நைத்திரசு அமிலம், போமல்டிகைட்டு போன்ற சேதன (காபன் கொண்ட) ஆவிகள். காலை வெயில் பட்டதும் நைத்திரசு அமிலம் உடைந்து ஐதரொட்சில் மூலிகம் (மற்றவற்றை உடனே தாக்கும் மூலக்கூறுத் துணுக்கு) பிறக்கிறது. அது சேதன ஆவிகளைத் தாக்க, பேரொட்சி மூலிகங்கள் உண்டாகி, அந்த நைதரசன் ஒட்சைட்டுகளில் ஒன்றான நைத்திரிக்கு ஒட்சைட்டை நைதரசனீரொட்சைட்டாக மாற்றுகின்றன. அதை வெயில் பிளக்கும்போது பிரியும் ஒட்சிசன் அணு காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து ஓசோனாகிறது. இதற்குச் சில மணி நேரம் பிடிப்பதால் பாதிப்பு நெருப்புக்கு அருகில் அல்ல, காற்றுப் போக்கில் தள்ளியே தெரியும்.

புகையிலை ஓசோனை உடனே காட்டிக் கொடுக்கும் பயிர். 1950களின் இறுதியில் அமெரிக்காவில் இந்தப் புள்ளிகளுக்கும் முந்திரிகை (திராட்சை) இலைப் புள்ளிகளுக்கும் ஓசோனே காரணம் என்று உறுதியானது. முந்திரிகையில் மூத்த இலையின் மேற்புறத்தில், நரம்புகளுக்கு இடையே கபிலப் பொட்டுகளைத் தேடுங்கள்.

பூஞ்சணத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தவளைக்கண் என்ற பூஞ்சண நோயில் வெளிறிய நடுப்பகுதியைச் சுற்றிக் கபில விளிம்பு இருக்கும், நாளுக்கு நாள் பரவும். ஓசோன் புள்ளிகள் விளிம்பின்றி, ஒரே நேரத்தில் தோன்றி அப்படியே நிற்கும். மருந்து அடிப்பது வீண் செலவு. ஒரு வயலின் புகை இதைச் செய்யப் போதாது. பல வயல்கள் ஒரே நாளில் எரிந்து, காற்றும் மந்தமாக இருந்தால் சந்தேகியுங்கள்.

ஈர வைக்கோலில் வெள்ளைப் புகைதானே வருகிறது, அது பரவாயில்லையா?

இல்லை, அதுதான் மோசம். சுவாலையின்றிப் புகைந்தால் தார்த் துளிகளும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவும் கூடும். வெள்ளையாகத் தெரிவது அந்தத் துளிகளே. பயிர்க் கழிவு ஒரு தொன் எரிந்தால் சராசரியாகச் சுமார் 100 கிலோ காபனோரொட்சைட்டு, 6 கிலோ நுண்துகள், 5 முதல் 6 கிலோ மெதேன் வெளிவரும். ஈரம் கூடினால் இவையும் கூடும்.

சாம்பல் மண்ணுக்கு நல்லது என்கிறார்களே?

ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ நைதரசன் உண்டு. எரித்தால் ஏறக்குறைய முழுவதும் போய்விடும், கந்தகத்திலும் ஒரு பங்கு போகும். பொற்றாசியத்தின் பெரும்பகுதி மிஞ்சும், ஆனால் குவியல் எரிந்த இடத்தில் மட்டும். சாம்பல் காரமானது; ஏற்கெனவே காரமான சுண்ணாம்பு மண்ணில் அது தேவையில்லை. சாம்பலோடு யூரியாவைக் கலந்து போட்டால் அமோனியாவாக இன்னும் நைதரசன் பறக்கும்.

மாற்று: அறுவடை முடிந்ததும், மண்ணில் ஈரம் இருக்கும்போதே வைக்கோலைப் பரப்பி உழுதுவிடுங்கள். பிந்தினால் மண் காய்ந்து உக்கல் நின்றுவிடும். அடுத்த போகத்துக்கு நீர் கட்டிய பின் பச்சை வைக்கோலைத் தாட்டால் ஒட்சிசன் இல்லாமல் அழுகி மெதேன் வரும், நாற்றும் மஞ்சளாகும். உழ வசதியில்லாவிட்டால் ஓர் அடி வைக்கோல், அதன்மேல் மாட்டுச் சாணக் கரைசல் என்று அடுக்குங்கள். கையால் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி வரும் அளவு ஈரம் போதும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டுங்கள். புரட்டாத குவியலின் நடுப்பகுதி புளித்து நாறும்.

காவோலையோடு பொலித்தீனும் சேர்ந்து எரிந்தால்?

பொலித்தீன் புகைக்கரியையும் பல்வளைய ஐதரோகாபன்களையும் கூட்டும். பி.வி.சி. குழாய்த் துண்டு, வயர் உறை இருந்தால் ஐதரசன் குளோரைட்டு என்ற அமில வாயுவும் டயொட்சின் என்ற நச்சும் வரும். கொளுத்த முன் அல்ல, குப்பை கூட்டும்போதே பிரித்துவிடுங்கள்.

முகமூடி உதவுமா?

துணி முகமூடி நுண்துகளைப் போதிய அளவு தடுக்காது. முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்95 துகளைத் தடுக்கும். காபனோரொட்சைட்டையோ போமல்டிகைட்டையோ தடுக்காது. இழுப்பு உள்ளவர்களைப் புகை வரும் திசையிலிருந்து விலக்கி வைப்பதே வழி.