நாடுகளை ஒப்பிடும் எண்கள்: வாசகர் கேள்வி பதில்

தனிநபர் ஜிடிபியில் ஜெர்மனி, பிரிட்டனையெல்லாம் அயர்லாந்து பின்னுக்குத் தள்ளிவிட்டது. அங்குள்ள மக்கள் அவ்வளவு செழிப்பாகவா வாழ்கிறார்கள்?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

வசதியான நாடுதான். ஆனால் அந்த எண் காட்டும் அளவுக்கு இல்லை. நாட்டின் எல்லைக்குள் ஓராண்டில் உற்பத்தியானதன் மதிப்பே ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி). அந்தப் பணம் யார் கைக்குப் போனது என்பது அதில் தெரியாது. 2015இல் சில பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை போன்ற அறிவுசார் சொத்துகளை அயர்லாந்துக் கணக்குக்கு மாற்றின. அந்த ஆண்டின் வளர்ச்சி 26.3 சதவீதம் என்று முதலில் அறிவிப்பு வந்தது. வேலைவாய்ப்போ சம்பளமோ அதற்கு அருகில்கூட வரவில்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க அந்நாட்டின் மத்திய புள்ளியியல் அலுவலகமே 2017இல் 'திருத்திய தேசிய வருமானம்' என்றொரு அளவை வெளியிட்டது. வெளிநாட்டவருக்குப் போகும் லாபத்தோடு, அறிவுசார் சொத்துகளின் தேய்மானத்தையும் குத்தகை விமானங்களின் தேய்மானத்தையும் இதில் கழித்துவிடுவார்கள். அண்மை ஆண்டுகளில் இது ஜிடிபியில் பாதியைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான்.

லக்சம்பர்க்கின் சிக்கல் வேறு. அங்கே வேலை செய்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியத்திலிருந்து தினமும் வந்துபோகிறவர்கள். அவர்கள் உழைப்பு உற்பத்தியில் சேர்கிறது. வகுக்கும்போது மக்கள்தொகையில் அவர்கள் இல்லை. ஆகவே தனிநபர் ஜிடிபியைப் பார்த்ததும் பக்கத்திலேயே மொத்த தேசிய வருமானத்தையும், அதாவது அந்நாட்டில் வசிப்பவர்கள் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் ஈட்டியதையும் பாருங்கள். இரண்டும் பெரிதாக விலகினால் வாழ்க்கைத்தரத்துக்கு ஜிடிபியை நம்பாதீர்கள். ஐரோப்பிய நாடுகளுக்கு, குடும்பங்கள் உண்மையில் நுகர்வதைத் தலைக்கு இவ்வளவு என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் தனியாகவே வெளியிடுகிறது. அதை எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது.

மகனுக்கு அமெரிக்காவில் மாதம் 4,000 டாலர் கைக்கு வரும்படி வேலை. 'வாங்கும் திறன் சமநிலை'ப்படி நம் பணத்தில் எவ்வளவு? ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு தொகை சொல்கிறார்கள்.
– வாசகர், திருப்பூர்

உலக வங்கி ஒருங்கிணைக்கும் சர்வதேச ஒப்பீட்டுத் திட்டத்தின் 2017 சுற்றைக் கொண்டு கணக்கைக் காட்டுகிறேன். அமெரிக்காவில் 1 டாலருக்குக் கிடைப்பதை இந்தியாவில் வாங்க அப்போது 20.65 ரூபாய் போதும். அந்த ஆண்டின் வங்கி மாற்று விகிதமோ 65.12 ரூபாய். கைப்பேசி, தங்கம் எங்கும் ஏறத்தாழ உலக விலைதான். முடிதிருத்தம், தையல், பேருந்து, வீட்டு வேலை போன்றவற்றின் விலை உள்ளூர்க் கூலியைப் பொறுத்தது. இடைவெளியின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

உங்கள் மகன் மாதம் 500 டாலர் வீட்டுக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அதை வங்கி விகிதத்தில் பெருக்குங்கள்: 32,560 ரூபாய். அங்கேயே செலவழியும் 3,500 டாலரை 20.65ஆல் பெருக்குங்கள்: 72,275 ரூபாய். அதாவது, இங்கே மாதம் 72,000 செலவழிக்கும் குடும்பத்துக்கு ஒப்பான வாழ்க்கை அங்கே. நான்காயிரத்தையும் வங்கி விகிதத்தில் பெருக்கி 2,60,480 என்று மகிழ்வதும் தவறு. அனுப்பும் பணத்தைச் சமநிலை விகிதத்தில் சுருக்கிக் கவலைப்படுவதும் தவறு. இணையத்தில் தொகைகள் மாறக் காரணம், ஓர் ஆண்டின் சமநிலை விகிதத்தை இன்னோர் ஆண்டின் வங்கி விகிதத்தோடு கலந்துவிடுவதுதான். 2021 சுற்றின் முடிவுகள் 2024இல் வந்துவிட்டன. இரண்டு விகிதங்களையும் ஒரே ஆண்டுக்கு எடுங்கள். குடும்பச் செலவுக்கு, உலக வங்கித் தரவில் 'தனியார் நுகர்வு' என்றிருக்கும் விகிதமே பொருத்தம். இதுவும் நாடு தழுவிய சராசரிதான். நியூயார்க்கில் வேலையென்றால் வாடகையைத் தனியே விசாரித்துவிடுங்கள்.

2022இல் இலங்கை கடனைக் கட்ட முடியாமல் நின்றது. ஆனாலும் மனித மேம்பாட்டுக் குறியீட்டில் இந்தியாவுக்கு மேலே இருக்கிறதே, எப்படி?
– ஆசிரியை, யாழ்ப்பாணம்

ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்துக் கணிப்பது இந்தக் குறியீடு. போட்டுப் பார்த்தால் புரியும். ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 2025 அறிக்கையில் இந்தியாவின் 2023ஆம் ஆண்டு விவரம்: ஆயுள் 72 ஆண்டு, இப்போது பள்ளியில் சேரும் குழந்தை படிக்கும் என எதிர்பார்க்கும் காலம் 13 ஆண்டு, பெரியவர்களின் சராசரிப் படிப்பு 6.9 ஆண்டு, தலா வருமானம் சுமார் 9,047 சமநிலை டாலர்.

ஒவ்வொரு கூறுக்கும் குறியீடே வைத்திருக்கும் கீழ், மேல் எல்லைகளிலிருந்து வருபவை கீழே வரும் 20, 65 போன்ற எண்கள். ஆயுளில் 20ஐக் கழித்து 65ஆல் வகுத்தால் 0.800. கல்விக்கு 13ஐ 18ஆலும், 6.9ஐ 15ஆலும் வகுத்துச் சராசரி எடுத்தால் 0.591. வருமானத்தை 100ஆல் வகுத்து அதன் மடக்கையை 750இன் மடக்கையால் வகுக்க 0.681. மூன்றையும் பெருக்கிக் கனமூலம் கண்டால் 0.685, உலகில் 130ஆவது இடம். மடக்கை எடுப்பதால் 1,000 டாலர் வருமானம் 2,000 ஆனால் அந்தக் கூறு 0.105 ஏறும், 40,000 என்பது 41,000 ஆனால் 0.004கூட ஏறாது. ஏழைக்குக் கிடைக்கும் கூடுதல் பணத்துக்கு மதிப்பு அதிகம் என்ற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

இந்தியாவைக் கீழே இழுப்பது அந்த 6.9தான். இலங்கையில் அது 10 ஆண்டுகளுக்கு மேல், ஆயுளும் 77ஐத் தாண்டியது. 1940களில் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியின் பயன் இன்னும் கணக்கில் நிற்கிறது. அதனால்தான் 0.776, 89ஆவது இடம். 25 வயதுக்கு மேற்பட்டவர்கள் முன்பே படித்த படிப்பை எந்த நெருக்கடியும் அழிக்காது. மருந்துத் தட்டுப்பாடும் வேளை தவறிய சாப்பாடும் இந்த எண்ணில் உடனே விழாது. கொழும்பு நுகர்வோர் விலைப் பணவீக்கம் 2022 செப்டம்பரில் 69.8 சதவீதம். அந்த ஆண்டின் துன்பத்தை அறிய, குறியீட்டை விட்டுவிட்டு இதையும் உண்மைக் கூலியையும் (விலை உயர்வைக் கழித்த கூலி) தான் பார்க்க வேண்டும்.

இந்தியாவின் கினி குறியீடு 25.5, உலகிலேயே சமத்துவம் மிகுந்த நாடுகளில் நாமும் ஒன்று என்கிறார்களே?
– வாசகர், ஈரோடு

கினி என்பது ஏற்றத்தாழ்வின் அளவு: எல்லாருக்கும் சமம் என்றால் 0, எல்லாம் ஒருவரிடமே என்றால் 100. அந்த 25.5 குடும்பங்களின் நுகர்வுச் செலவை வைத்துக் கணித்தது (2022–23). அமெரிக்கா, பிரேசில் போன்ற நாடுகளுக்கு வருமானத்தை வைத்துக் கணிக்கிறார்கள். பணக்காரர்கள் வருமானத்தில் பெரும்பகுதியைச் சேமிப்பதால் செலவில் ஏற்றத்தாழ்வு பொதுவாகக் குறைவாகவே தெரியும். கணக்கெடுப்பில் அவர்கள் சிக்குவதும் அரிது. அதே எண்ணை வெளியிட்ட உலக வங்கிக் குறிப்பிலேயே, உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளத்தின்படி இந்தியாவின் வருமானக் கினி 2004இல் 52, 2023இல் 62 என்றும் இருக்கிறது. நுகர்வை நுகர்வோடும் வருமானத்தை வருமானத்தோடும் மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டையும் கலந்த பட்டியலில் கிடைக்கும் இடத்துக்குப் பொருளில்லை.