மாமியாருக்கு வரும் 1,200 ரூபாய் எனக்கும் வருமா?

கேள்வி: எனக்கு 38 வயது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கூலிக்கு மல்லிகை கட்டுகிறேன். மாமியாருக்கு முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் வருகிறது. 60 ஆனால் எனக்கும் வந்துவிடும்தானே? தனியாகப் பென்ஷன் திட்டத்தில் பணம் கட்ட வேண்டுமா?

பதில்: கட்டுங்கள், சகோதரி. உதவித்தொகை ஆதரவற்ற முதியோருக்கானது. வயது ஆனதற்காக மட்டும் யாருக்கும் தருவதில்லை. தமிழ்நாட்டில் 1,000 ரூபாய் 1,200 ஆனதே 2023 ஆகஸ்டில்தான். இதில் மத்திய அரசின் பங்கு, 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, 2007 முதல் அதே 200 ரூபாய்.

உங்களுக்கு ஏற்றவை இரண்டு. இரண்டிலும் 40 வயதுக்குள் சேர்ந்துவிட வேண்டும்.

பிரதம மந்திரி ஷ்ரம் யோகி மான்தன்: மாத வருமானம் 15,000-க்குள் இருந்து, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு. உங்கள் வயதில் மாதம் 180 ரூபாய். அரசும் 180 போடும். 60-க்குப் பிறகு மாதம் 3,000. உங்கள் காலத்துக்குப் பின் கணவருக்குப் பாதி வரும், பிள்ளைகளுக்குக் கிடையாது.

அடல் பென்ஷன்: மாதம் 5,000 வேண்டுமானால் இப்போதிருந்து 1,196 கட்ட வேண்டும். உங்களுக்குப் பின் கணவருக்கு அதே தொகை, இருவருக்கும் பின் வாரிசுக்கு 8.5 லட்சம்.

நான் சொல்வது, 180 ரூபாய்த் திட்டம். மார்கழிப் பனியில் வரத்து விழுந்தால் கட்டப் பூவே இருக்காது. அந்த மாதத்தில் 1,196-க்கு எங்கே போவீர்கள்? பிள்ளைகளுக்குத் தொகை நிற்க வேண்டும் என்றால் அடலில் சேருங்கள். அதில் அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் வசதி உண்டு. ஆவணி, தை முகூர்த்தக் கூலியை அதற்கென எடுத்து வையுங்கள்.

ஒன்று மனதை உறுத்துகிறது. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், 22 ஆண்டு கழித்து அந்த 3,000-க்கு இன்றைய ஆயிரம் ரூபாய்ச் சாமான்தான் வாங்க முடியும். ஓய்வுபெற்ற அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி திருத்தப்படுகிறது. விடியுமுன் எழுந்து வாழைநாரில் பூத் தொடுப்பவருக்கு மட்டும் ஏன் தொகை அசையக் கூடாது? இந்தப் பென்ஷன்களையும் விலைவாசிக் குறியீட்டோடு இணைத்தே ஆக வேண்டும். முதியோர் பெருகிவரும் நாட்டில் இதைவிட அவசரமான சீர்திருத்தம் எனக்குத் தெரியவில்லை.

அதுவரை காத்திருக்காதீர்கள். ஆதாரும் வங்கி பாஸ்புக்கும் எடுத்துக்கொண்டு பொது சேவை மையத்துக்குப் போங்கள். முதல் தவணையை ரொக்கமாக வாங்குவார்கள். ஓய்வூதியக் கணக்கு எண் உள்ள அட்டையை வாங்காமல் எழுந்து வராதீர்கள். அடுத்த மாதம் பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்கி, 180 பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.