இடது முன்சக்கர பேரிங் மட்டும் ஏன் திரும்பத் திரும்பப் போகிறது?

கேள்வி: என்னிடம் 1,250 கிலோ எடையுள்ள, முன்சக்கரங்களால் இயங்கும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. வருடத்துக்கு ஏழெட்டு நாள் டிராக்கில் ஓட்டுகிறேன். தரையை இறுக்கிப் பிடிக்கும் செமி ஸ்லிக் டயர்தான். காருடன் வந்த இடது முன் பேரிங் மூன்று வருடம் தாங்கியது. மாற்றிப் போட்டது நான்கே டிராக் நாளில் உறும ஆரம்பித்துவிட்டது. வலது பக்கத்தில் இன்னும் பழையதே ஓடுகிறது. எந்த பிராண்ட் நீடித்து உழைக்கும்? செராமிக் குண்டு போட்ட பேரிங் வாங்கலாமா?

பதில்: பிராண்டுக்கு அப்புறம் வருகிறேன். நீங்கள் எழுதியதிலேயே முக்கியமான தடயம் ஒன்று இருக்கிறது. அதே கார், அதே டயர், ஓட்டியதும் நீங்கள்தான். ஒன்று மூன்று வருடம் உழைத்தது, இன்னொன்று நான்கு நாளில் போனது. வாங்கியது போலியாக இருந்தாலொழிய, பிராண்ட் மாறியதால் மட்டும் இவ்வளவு பெரிய வித்தியாசம் வராது. மாட்டிய விதத்திலோ, பேரிங் உட்காரும் நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பாகம்) துளையிலோ குறை இருக்கிறது என்பதுதான் என் முதல் சந்தேகம்.

முதல் பேரிங் ஏன் இடது பக்கம் போனது என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை எளிது. கடிகாரம் சுற்றும் திசையில் ஓடும் டிராக்குகளில் வலது வளைவுகளே அதிகம். வலப்பக்கம் திரும்பும்போது காரின் பாரம் இடது சக்கரங்கள் மேல் சாய்கிறது. நீங்கள் போகும் டிராக்குகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவையாக இருந்தால் இடது முன் பேரிங் முந்திக்கொண்டு தேய்வது இயல்புதான்.

அந்தச் சுமை எவ்வளவு என்று ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேகமான வளைவில் உங்கள் வெளிப்பக்க முன்சக்கரம் 500 கிலோவுக்கு மேல் பாரம் தாங்கும். செமி ஸ்லிக் டயருக்கு இருக்கும் பிடிப்பில், ஏறக்குறைய அதே அளவு விசை பக்கவாட்டிலும் வரும். அந்த விசை விழும் இடம், பேரிங்கின் மையத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே, டயர் தரையைத் தொடும் இடம். அங்கே தள்ளும்போது, சக்கரம் மாட்டியிருக்கும் ஹப் சாயப் பார்க்கிறது. அதைச் சாயவிடாமல் பிடித்து வைத்திருப்பவை பேரிங்குக்குள் இருக்கும் இரண்டு வரிசைக் குண்டுகள். அவை தாங்கும் புள்ளிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால் நெம்புகோல் ஐந்து மடங்கு ஆகிறது. அதாவது குண்டு வரிசையின் மேல் இரண்டரை டன் அளவுக்கு விழுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு வலது வளைவிலும். தெருவில் நேராக ஓடும்போது இதில் சின்னப் பங்குதான் விழும்.

குண்டு பேரிங்கின் ஆயுள், சுமையின் மூன்றாம் அடுக்குக்குத் தலைகீழாகக் குறையும். சுமை 25 சதவீதம் கூடினால் ஆயுள் பாதியாகிறது. ஒன்றரை மடங்கானால் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. சாதா டயரிலிருந்து செமி ஸ்லிக்குக்கு மாறியவர்கள் “முன்பு நன்றாகத்தானே இருந்தது” என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். அவர்கள் சொல்வது உண்மைதான், மாறியது டயரின் பிடிப்பு. ஸ்பேசர் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளியிருந்தால் வெளி வரிசைக் குண்டுகளுக்கு அதன் பாரமும் சேரும். தோற்றத்துக்காக மட்டும் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.

சரி, இரண்டாவது பேரிங்குக்கு வருவோம். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் வகைக் காரில் பெரும்பாலும் இருப்பது நக்கிளுக்குள் அமுக்கிப் போடும் இரட்டை வரிசை பேரிங். அதன் பக்கத்தை மூடியிருக்கும் சீலை நெம்பி எடுத்துவிட்டால் உள்வளையங்களும் குண்டுகளும் கையோடு வந்துவிடும். கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் குண்டு ஓடிய பாதையைச் சாய்த்துப் பாருங்கள். நகத்தால் தடவியும் பாருங்கள்.

பாதையில் சீரான இடைவெளியில், குண்டுக்குக் குண்டு எவ்வளவு தூரமோ அதே தூரத்தில் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால், பிரஸ்ஸில் வைத்து அமுக்கும்போது விசை குண்டுகள் வழியாகப் போயிருக்கிறது. அந்த பேரிங் கார் நகர்வதற்கு முன்பே பழுதாகிவிட்டது. இங்கே ஒரு எச்சரிக்கை: ஹப்பைப் பிடுங்கி எடுக்கும்போதும் இதே மாதிரிக் குழி விழும். இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும். எடுக்கும்போது விழுந்த குழி புதிதாக, விளிம்பு கூர்மையாக, பளபளவென்று இருக்கும். மாட்டும்போது விழுந்த குழியின் மேல் குண்டு பல ஆயிரம் முறை ஓடியிருக்கும். அதனால் அதன் விளிம்பு மழுங்கி, அங்கிருந்து உலோகம் செதில் செதிலாகப் பெயர ஆரம்பித்திருக்கும்.

குழி இல்லாமல் பாதையின் ஒரு பகுதி மட்டும் செதில் விட்டிருந்தால் அது சுமையால் வந்த களைப்பு. வளையம் வைக்கோல் நிறமாகவோ நீலமாகவோ மாறியிருந்தால் எஃகு 200 டிகிரியைத் தாண்டிச் சூடேறியிருக்கிறது. பழுப்புத் துருவும் பால் கலந்தது போன்ற கிரீஸும் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்புறம் வெளிவளையத்தின் முதுகைப் பாருங்கள். அங்கே பளபளப்பான கோடுகளோ செம்பழுப்புத் தூளோ இருந்தால், வளையம் நக்கிளுக்குள் இறுக்கமாக உட்காராமல் மெல்ல நகர்ந்திருக்கிறது. முதல் பேரிங் உறுமிய பிறகும் சில நாள் ஓட்டியிருந்தாலோ, பழையதைச் சுத்தியலால் அடித்து எடுத்திருந்தாலோ அந்தத் துளை கெட்டிருக்கக்கூடும். துளை கெட்டுவிட்டால் உலகத்திலேயே உயர்ந்த பேரிங்கைப் போட்டாலும் நிற்காது. துளை அளக்கும் கேஜால் பல இடத்தில், பல திசையில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வட்டம் கெட்டிருந்தால் நக்கிளையே மாற்றுவதுதான் வழி. ஒட்டும் திரவம் ஊற்றிச் சமாளிக்கும் வேலை டிராக் காருக்கு வேண்டாம்.

மாட்டும் வேலையை நீங்கள் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. விதி இரண்டேதான். பேரிங்கை நக்கிளுக்குள் அமுக்கும்போது வெளிவளையத்தில் மட்டும் அமுக்க வேண்டும். அதன் பிறகு ஹப்பை பேரிங்குக்குள் அமுக்கும்போது பின்பக்கம் உள்வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் தவறு நடப்பது இரண்டாவதில்தான். நக்கிளைப் பிரஸ்ஸின் மேல் வைத்துவிட்டு, உள்வளையத்துக்குக் கீழே ஒன்றும் வைக்காமல் ஹப்பை அமுக்குவார்கள். எந்தச் சத்தமும் கேட்காது, சக்கரமும் நன்றாகத்தான் சுற்றும். ஆனால் முழு விசையும் குண்டுகளின் வழியே போயிருக்கும். சரியான அளவில் ஒரு குழாய்த் துண்டைக் கீழே வைத்தால் போதும், இந்தச் சேதம் வராது. பழைய உள்வளையம் ஒன்று ஹப்பிலேயே தங்கிவிடும். அதை கிரைண்டரால் வெட்டி எடுத்தார்கள் என்றால் ஹப்பின் தண்டில் வெட்டுத் தழும்பு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் புது ஹப் வாங்குங்கள். ஒரு பக்க சீலில் ஏபிஎஸ்ஸுக்கான காந்த வளையம் இருக்கும் பேரிங் என்றால், அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும்.

ஆக்ஸில் நட் எப்போதும் புதிதாகவே போடுங்கள். இந்த நட்டின் இறுக்கம்தான் இரண்டு உள்வளையங்களையும் சேர்த்துப் பிடித்து, குண்டுகளுக்குத் தேவையான முன்னழுத்தத்தைக் கொடுக்கிறது. அதனால் கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சால், உங்கள் காரின் மேனுவலில் உள்ள அளவுக்கு இருக்க வேண்டும். இம்பாக்ட் கன்னால் “கடகட”வென்று முடித்தால் அளவு தெரியாது. நட் இறுகுவதற்கு முன் காரைத் தரையில் இறக்கி உருட்டவும் கூடாது. முன்னழுத்தம் இல்லாத பேரிங் மேல் காரின் எடை விழுந்தால் அங்கேயே கெட ஆரம்பித்துவிடும்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டிராக்கில் பிரேக் டிஸ்க் 500 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். டிஸ்க் உட்கார்ந்திருப்பது ஹப்பின் மேல், ஹப் உட்கார்ந்திருப்பது பேரிங்கில். சூடு அந்த வழியாகத்தான் வருகிறது. பல பேரிங்குகளில் இருக்கும் நைட்ரைல் ரப்பர் சீல், 100 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் இருந்தால் கெட்டியாகி வெடிப்பு விடும். ஃப்ளோரோ ரப்பர் சீல் ஏறக்குறைய 200 டிகிரி வரை தாங்கும். எனவே பேரிங் வாங்கும்போது சீல் எந்த ரப்பர் என்று கேளுங்கள். பந்தயத்துக்கென்று விற்கும் பேரிங்கில் பணம் கொடுத்து வாங்கத் தகுந்த சங்கதிகளில் இது முதன்மையானது. டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் காற்று கொண்டு போகும் குழாய் போட்டால் பிரேக் பேடும் பிழைக்கும், பேரிங்கும் பிழைக்கும். ஓட்டம் முடிந்ததும் ஒரு சுற்று பிரேக் தொடாமல் ஆற விடுங்கள். சூடான ஹப்பில் தண்ணீர் பீய்ச்சாதீர்கள். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீலின் உதடு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

இப்போது பிராண்ட். உங்கள் கார் கம்பெனிக்கு பேரிங் செய்து கொடுப்பவர் யார் என்று கண்டுபிடித்து, அவர்களுடையதையே வாங்குங்கள். எஸ்கேஎஃப், எஃப்ஏஜி, என்எஸ்கே, என்டிஎன், கோயோ, டிம்கென் இவற்றில் எதுவாக இருந்தாலும் எனக்கு நம்பிக்கை உண்டு. பழைய பேரிங்கின் வளையத்திலேயே பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். ஒரே காருக்கு இரண்டு பேரிங் பொருந்துகிறது என்றால் கேட்டலாக்கில் இருக்கும் டைனமிக் சுமைத் திறனை ஒப்பிடுங்கள். கிலோநியூட்டனில் போட்டிருப்பார்கள். அது 10 சதவீதம் கூடுதலாக இருந்தால் ஆயுள் ஏறக்குறைய 33 சதவீதம் கூடும். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எந்தப் புகழ்ச்சியையும்விட இந்த ஒரு எண் உண்மை பேசும். பிரபலமான பெயர்களில் போலிகள் நிறைய உலவுகின்றன. எஸ்கேஎஃப்பும், எஃப்ஏஜி பேரிங் தயாரிக்கும் ஷேஃப்லரும் அசலா என்று சோதிக்கச் செயலி வைத்திருக்கிறார்கள். நான்கு நாளில் போன உங்கள் பேரிங்கின் பெட்டி கையில் இருந்தால் அதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

செராமிக் வேண்டாம். சிலிக்கான் நைட்ரைடு குண்டு எடை குறைவு, மிக வேகமாகச் சுற்றும் இயந்திரங்களில் அற்புதமாக உழைக்கும். ஆனால் 200 கிலோமீட்டர் வேகத்தில்கூட, 2 மீட்டர் சுற்றளவுள்ள டயர் நிமிடத்துக்கு 1,667 முறைதான் சுற்றுகிறது. பேரிங்குக்கு அது நிதானமான நடை. மறுபக்கம், குண்டு எஃகைவிட விறைப்பானது, டிராக் ஓரத்தில் இருக்கும் கெர்ப் மேல் சக்கரம் மோதும்போது எஃகு வளையத்தில்தான் குழி விழும். அந்தப் பணத்தைக் காற்றுக் குழாய்க்கும் புது ஹப்புக்கும் செலவிடுங்கள்.

மாட்டிய பிறகு முதல் நாளே ஒரு டயல் கேஜை ஹப்பில் வைத்து, உள்ளும் வெளியும் எவ்வளவு ஆட்டம் என்று அளந்து எழுதி வையுங்கள். பல கார்களின் மேனுவல் 0.05 மில்லிமீட்டரிலேயே எல்லை போட்டுவிடுகிறது, கையால் ஆட்டிப் பார்த்தால் அந்த அளவு தெரியாது. ஒவ்வொரு டிராக் நாளுக்குப் பிறகும் அளந்து பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். சக்கரத்தைத் தூக்கி, ஒரு கையை ஸ்பிரிங் சுருள் மேல் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றினால், காதில் விழாத சொரசொரப்பும் விரலில் தெரியும். வளைவு முடிந்து முதல் தடவை பிரேக் மிதிக்கும்போது பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனால், ஹப் அசைந்து டிஸ்க் பேடைப் பின்னுக்குத் தள்ளியிருக்கக்கூடும். உறுமலோ ஆட்டமோ தெரிந்தால் “இன்னும் ஒரு ஓட்டம்” என்று கிளம்பவே கிளம்பாதீர்கள். பேரிங் பிளந்தால் சக்கரமே கழன்று போகும்.

வலது பக்கத்தையும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். அதன் ஆட்டத்தை அளந்து பாருங்கள், சுற்றிப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் இந்தப் பருவம் முழுக்க ஓடட்டும். தொழிற்சாலையில் சரியாக அமுக்கிய பேரிங் அது, அதைத் தேவையில்லாமல் தொட வேண்டாம்.