டைமிங் செயின் தேய்மானமும் ஈசியூ ரீசெட்டும்: நீலகிரி வண்டிக்காரர்களுக்கான கேள்வி பதில்

கேள்வி (குன்னூர்): அண்ணா, பெட்ரோல் கார், 1,10,000 கி.மீ. ஓடியிருக்கு. செக் லைட் எரிஞ்சது, ஸ்கேன் பண்ணினா பி0016. ஒர்க்‌ஷாப்ல "ரீசெட் பண்ணியாச்சு"ன்னு கொடுத்தாங்க. ஒரே வாரத்துல திரும்ப வந்துடுச்சு. ரீசெட் சரியா பண்ணலையா?

பதில்: ரீசெட்டில் குறை இல்லைங்க, செய்த நேரம்தான் தப்பு. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு கிராங்க், வால்வுகளைத் திறக்கும் தண்டு கேம், இரண்டையும் இணைப்பது டைமிங் செயின். கிராங்க் சென்சார் காட்டும் நிலையும் கேம் சென்சார் காட்டும் நிலையும் ஒத்துப்போகாவிட்டால் வரும் கோளாறுக் கோடு (code) பி0016. "செயின் இழுத்துக்கிச்சு" என்று சொல்கிறோமே தவிர, இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு கணுவிலும் ஊசி போன்ற பின்னும் அதைச் சுற்றிய புஷ்ஷும் துளித்துளியாகத் தேய்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட கணுக்களின் தேய்மானம் சேர்ந்து செயின் நீளமாகிறது, கேம் பின்தங்குகிறது. பல ஈசியூக்கள் (இன்ஜினை இயக்கும் கணினி) இந்தப் பின்தங்கலைக் கற்றுக்கொண்டு, அதற்குத் தக்கபடி ஓட்டிக்கொண்டே இருக்கும். எல்லை தாண்டினால்தான் லைட். நீங்கள் அழித்தது அந்தக் கணக்கை மட்டும்தான், தேய்மானம் அப்படியே இருக்கிறது.

செயினைக் குறை சொல்லும் முன் ஆயில் அளவு, ஆயிலின் வயது, விவிடி (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) வால்வின் சிறு சல்லடை மூன்றையும் பாருங்கள். சல்லடையில் கறுப்புக் கசடு அடைத்திருந்தாலும் இதே கோடு வரும். பிறகு ஸ்கேனரில் கேம் ஃபேஸ் மதிப்பை (கிராங்கோடு ஒப்பிட்டு கேம் நிற்கும் கோணம்), சூடான இன்ஜினில், ஐடிலிங்கில் குறித்து வையுங்கள். மாதக்கணக்கில் டிகிரி டிகிரியாக நகர்ந்தால் தேய்மானம். ஒரே நாளில் தாவினால் செயின் பல் தாண்டியிருக்கிறது. கிராங்கின் பல்சக்கரத்தில் (ஸ்ப்ராக்கெட்) 20 பல் என்றால் ஒரு பல்லுக்கு 18 டிகிரி. அப்படித் தாவிய வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். வால்வு பிஸ்டனில் இடித்தால் சிலிண்டர் ஹெட்டோடு போகும்.

கேள்வி (கோத்தகிரி): செயின் கிட் மாத்தப் போறோம் சார். எதெது மாத்தணும், ரீசெட் எந்த வரிசையில?

பதில்: செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அது ஓடும் வழியைத் தாங்கும் கைடுகள், ஸ்ப்ராக்கெட்டுகள், கிராங்க் புல்லி போல்ட், ஆயில், ஃபில்டர். பழைய ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் போட்டால் தேய்ந்த பல் புதுச் செயினையும் தின்றுவிடும். டார்க் (முறுக்கு அளவு) வைத்து, மேலும் இத்தனை டிகிரி திருப்பு என்று மேனுவல் சொல்லும் போல்ட் ஒருமுறை நீண்டுவிட்டது. அதைத் திரும்பப் போடாதீர்கள்.

கிராங்கையும் கேமையும் அசையாமல் பிடிக்கும் லாக் டூலோடு பூட்டி, வண்ணக் கணுக்களைக் குறிகளோடு பொருத்தி, டென்ஷனரின் பூட்டுப் பின்னைப் பிடுங்கிவிட்டு, லாக் டூலைக் கழற்றி, கிராங்கைக் கையால், ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று திருப்புங்கள். இப்போது வண்ணக் கணுக்கள் குறியை விட்டு எங்கேயோ போயிருக்கும். இதைப் பார்த்துப் பதறி மறுபடி பிரிப்பவர்கள் உண்டு. செயினின் கணு எண்ணிக்கையும் பற்களின் எண்ணிக்கையும் வேறு வேறு என்பதால், இரண்டு சுற்றில் அவை பழைய இடத்துக்கு வராது. லாக் டூல் திரும்ப நெருடாமல் உள்ளே போகிறதா என்பதே சோதனை.

ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, ஆயில் லைட் அணையும்வரை விட்டு விட்டு செல்ஃப் அடியுங்கள். டென்ஷனருக்குள் ஆயில் ஏறாமல் இன்ஜின் ஓடினால் முதல் நிமிடத்திலேயே செயின் துள்ளும். கனெக்டர்களை மாட்டிய பிறகு ஸ்கேனர் வேலை. முதலில் கோடுகளை அழிப்பது, அடுத்து கேம் அடாப்டேஷன் (ஈசியூ கற்று வைத்த கேம் மதிப்பு), பிறகு கிராங்க் சக்கரக் கற்றல், கடைசியில் ஃபியூல் ட்ரிம் (எரிபொருள் அளவின் திருத்தம்), த்ராட்டில் (காற்று வால்வு). கூலன்ட் 80 டிகிரி தாண்டியிருக்கட்டும். ஏசி, லைட் எல்லாம் அணைத்திருக்கட்டும். பேட்டரி இடையில் இறங்கினால் கற்றல் பாதியில் நிற்கும், சார்ஜர் போட்டுச் செய்வது நல்லது.

கிராங்க் சக்கரக் கற்றலைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். பல இன்ஜின்களில் 60 பல்லில் இரண்டு இல்லாத சக்கரம் இருக்கும், பல்லுக்கு 6 டிகிரி. பல் இடைவெளியிலுள்ள நுண்ணிய பிழைகளை ஈசியூ கற்றால்தான் மிஸ்ஃபயரை (சிலிண்டர் எரியாமல் விடுவதை) சரியாக எண்ண முடியும். அந்தக் கற்றல் இல்லாவிட்டால் நல்ல இன்ஜினிலும் மிஸ்ஃபயர் கோடு வரலாம்.

கேள்வி (ஊட்டி): பேட்டரி டெர்மினலைக் கழட்டி அரை மணி நேரம் வெச்சா போதாதா?

பதில்: பழைய வண்டிகளில் ஃபியூல் ட்ரிம் அழியும். புதியவற்றில் கேம், கிராங்க் மதிப்புகள் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இருக்கும், ஸ்கேனர் இல்லாமல் முடியாது. கோடு மட்டும் படிக்கும் மலிவு ஓபிடி டாங்கிளும் (வண்டியின் சோதனை சாக்கெட்டில் செருகும் சிறு கருவி) இதற்கு உதவாது.

கேள்வி (தலைகுந்தா): ரீசெட்டுக்கு அப்புறம் ஓட்டிக் கத்துக்க வைக்கறதை இங்கேயே செய்யலாமா, மேட்டுப்பாளையம் இறங்கணுமா?

பதில்: முதலில் சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஓட்டாமல் மேப் சென்சார் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) அளவைப் பாருங்கள். 2,240 மீட்டரிலுள்ள ஊட்டியில் 77 கிலோபாஸ்கல் ஒட்டியும் மேட்டுப்பாளையத்தில் 97 ஒட்டியும் காட்டணும். ஊட்டியில் நின்றுகொண்டு 95 காட்டினால் சென்சார் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் ரீசெட் செய்தால் தப்பான அளவையே கற்கும்.

இன்ஜின் காற்றை இழுக்கும் வெற்றிடத்தை அளக்கும் வேக்குவம் கேஜை நம்பிச் செயினைத் தீர்மானிக்காதீர்கள். சமவெளியில் 20 அங்குலம் (பாதரசம்) காட்டும் நல்ல இன்ஜின் ஊட்டியில் 13தான் காட்டும். கேம் பின்தங்கினாலும் அதேபோல் குறையும், கீழிருந்து வரும் மெக்கானிக் இதில் ஏமாறுவது சகஜம்.

ஆக்சிலேட்டரை விட்டு கியரிலேயே இறங்கும் ஓட்டம் கிராங்க் கற்றலுக்கு ஏற்றது. குன்னூரிலிருந்து பர்லியாறு இறங்கும்போதே அது கிடைக்கும். ஃபியூல் ட்ரிம்முக்குச் சீரான வேகம் வேணும். காரமடை பக்கம் சமதளத்தில் 50, 60 வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். ட்ரிம் இரு பக்கமும் 5 சதவீதத்துக்குள் நின்றால் நிம்மதி, 10 தாண்டினால் காற்றுக் கசிவு இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி (கூடலூர்): டிசையர் 1.3 டீசல், டாக்ஸி. காலையில ஸ்டார்ட் பண்ணா கடகடன்னு சத்தம். "ரீசெட் ஆல்" அடிச்சுடலாமா?

பதில்: அடிக்கவே வேண்டாம். டீசலில் இன்ஜெக்டர் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு ஈசியூவில் பதிந்திருக்கும். எது எதை அழிக்கிறது என்று தெரியாமல் அடித்தால் அதுவும் போய், புகையும் நடுக்கமும் வரலாம். வேண்டிய மதிப்பை மட்டும் தொடுங்கள். குறியீடுகளை முதலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 1.3 இன்ஜினில் செயின்தான், பெல்ட் கிடையாது. இரண்டு மூன்று நொடியில் சத்தம் அடங்கினால் இரவில் டென்ஷனரிலிருந்து ஆயில் இறங்கிவிடுகிறது. குளிரில் 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயில் மேலேறத் தாமதமாகும், மேனுவல் சொல்லும் தரத்துக்கு மாறுங்கள். சத்தம் அடங்காமல் தொடர்ந்தால் கவரைத் திறந்துதான் பார்க்கணும். தள்ளி ஸ்டார்ட் செய்யவே கூடாது, தளர்ந்த செயின் பல் தாண்டுவது அப்போதுதான்.

கேள்வி (மஞ்சூர்): வீட்டு வாசல் ஏத்தம். ஃபர்ஸ்ட் கியர்ல போட்டுத்தான் நிறுத்தறேன். அதனால செயினுக்கு ஏதாவது ஆகுமா?

பதில்: ஆகலாம். ஏற்றம் பார்த்து ஃபர்ஸ்ட்டில் நிற்கும் வண்டி பின்னால் நகர முயன்றால், இன்ஜின் தலைகீழாகத் திரும்பும். இறக்கம் பார்த்து ரிவர்ஸில் நிறுத்தினாலும் அதேதான். வழக்கமாக இறுகி நிற்கும் பக்கம் அப்போது தளர்கிறது, பாரம் முழுக்க டென்ஷனர் பக்கம் விழுகிறது. ராத்திரி ஆயில் இறங்கிய டென்ஷனர் அதைத் தாங்காது, காலையில் பல் தாண்டியிருக்கலாம்.

பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலில் ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுங்கள். பிரேக்கை மெதுவாக விட்டு, வண்டி ஒரு விரற்கடை நகர்ந்து ஹேண்ட்பிரேக்கில் உட்காரட்டும். அதன் பிறகு கியர் போட்டு, பின் சக்கரத்துக்குக் கீழே கல் வையுங்கள். கியர் காவலுக்கு மட்டும், பாரம் தாங்க அல்ல. ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை என்றால் முதலில் கேபிளை இறுக்கிக்கொள்ளுங்கள், அதற்குச் செயின் கிட் அளவுக்குச் செலவாகாது.