வட்டாரக் கைவினைஞர் சங்கம் தொடங்குவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாரம்பரியக் கைவினைஞர்கள் தங்கள் வட்டாரத்தில் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொள்வது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, இத்தகைய சங்கங்களுக்குத் துணைவிதிகள் எழுதுவதில் நீண்டகாலமாக உதவிவரும் ஒருவர் இங்கே பதிலளிக்கிறார்.

பத்தமடையிலிருந்து ஒரு வாசகி: ஐயா, எங்கள் தெருவில் கோரைப்பாய் நெய்யும் பெண்கள் பதினாறு பேர் இருக்கிறோம். சங்கமாகப் பதியுங்கள் என்று ஒருவரும், கூட்டுறவு என்று ஒருவரும், உற்பத்தியாளர் நிறுவனம் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: அம்மா, நீங்கள் பதினாறு பேரும் சேர்ந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். எந்தச் சட்டத்தின்கீழ் பதிவது என்பது அதற்குப் பிறகு எளிதில் விளங்கிவிடும். தொழிலுக்காகக் குரல் கொடுப்பது, இளம்பெண்களுக்குப் பயிற்சி தருவது, பாயின் தரத்தைக் காப்பது ஆகியவைதான் நோக்கம் என்றால், 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் போதுமானது. ஏழு பேர் இருந்தாலே மாவட்டப் பதிவாளரிடம் பதிந்துகொள்ளலாம். ஆனால் இவ்வாறு பதிந்த சங்கம் தன் வருவாயில் மிஞ்சுவதை உறுப்பினர்களுக்கு லாபமாகப் பங்கிட முடியாது. கோரையை மொத்தமாக வாங்கி, சாயமேற்றி, நெய்த பாயைச் சங்கத்தின் பெயரிலேயே விற்று, மிச்சத்தை நெய்தவர்களே பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தால், கூட்டுறவுச் சங்கமோ உற்பத்தியாளர் நிறுவனமோதான் பொருந்தும்.

கூட்டுறவுச் சங்கம் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் வரும். அதில் அரசின் ஆதரவு கிடைக்கும். துறை அதிகாரிகளின் கண்காணிப்பும் அதே அளவுக்கு இருக்கும். உற்பத்தியாளர் நிறுவனம் என்னும் வடிவம் 2002-இல் நிறுவனச் சட்டத்தில் செய்த திருத்தத்தின் வழியே வந்தது. உழவர்களுக்கு மட்டும் உரியது என்று பலரும் நினைக்கிறார்கள். கைத்தறி, கைவினை, குடிசைத் தொழில் செய்வோரின் உற்பத்தியும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் தொடங்கலாம் என்பதால் உங்கள் எண்ணிக்கை போதும். ஆனால் குறைந்தது ஐந்து இயக்குநர்கள், முழுநேர முதன்மைச் செயல் அலுவலர், ஆண்டுத் தணிக்கை, நிறுவனப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டிய அறிக்கைகள் என்று செலவு வரிசையாக வரும். பதினாறு பேரின் பாய் வருமானம் இந்தச் செலவைத் தாங்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே அதில் இறங்குங்கள். முதலில் சங்கமாகப் பதிந்து, சேர்ந்து கோரை வாங்கிப் பழகி, ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை ஏற்பட்ட பிறகு அதே உறுப்பினர்களைக் கொண்டு நிறுவனம் தொடங்குவதே உங்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து.

நாச்சியார்கோவிலிலிருந்து ஒருவர்: எங்களுக்கு முன்பணம் கொடுத்துக் குத்துவிளக்கு வாங்கும் வியாபாரி, சங்கத்தில் தாமும் சேர வேண்டும் என்கிறார். பதிவுச் செலவு முழுவதையும் தாமே ஏற்பதாகவும் சொல்கிறார். சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: வாக்குரிமையோடு சேர்க்காதீர்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வியே அல்ல. விளக்கின் விலை உயர்ந்தால் உங்களுக்கு லாபம், அவருக்கு நட்டம். இந்த முரண்பாட்டைச் சங்கத்துக்கு உள்ளேயே கொண்டுவந்து வைத்தால், விலையைப் பற்றிப் பேச வேண்டிய கூட்டத்தில் முன்பணம் வாங்கியவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கான சட்டம் இதை நன்கு உணர்ந்து எழுதப்பட்டது. உற்பத்தியாளர்களும் உற்பத்தியாளர் அமைப்புகளும் மட்டுமே அதில் உறுப்பினராகலாம். தொழிலைக் கைவிட்டவரிடம் பங்குகளை ஒப்படைக்கச் சொல்லவும் இயக்குநர் குழுவுக்கு அதிகாரம் உண்டு. சங்கமாகப் பதிவதானால் இதையே துணைவிதியில் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ‘வார்ப்பு, கடைசல், பட்டை தீட்டல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைத் தம் கையால் செய்பவர்’ என்பது போல, செய்யும் வேலையைக் கொண்டு உறுப்பினரை வரையறுங்கள். சாதியையோ குடும்பப் பெயரையோ வைத்து வரையறுக்க வேண்டாம். வெளியூரிலிருந்து வந்து பட்டறையில் பத்தாண்டுகளாக வேலை செய்பவரும், கணவர் இறந்த பிறகு பட்டறையை நடத்தும் பெண்ணும் அப்போதுதான் உள்ளே வர முடியும். வியாபாரிக்கு, வாக்கில்லாத ஆதரவாளர் என்ற இடத்தைக் கொடுங்கள். பதிவுச் செலவை அவரிடம் வாங்காமல் உங்களுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள்.

சுவாமிமலையிலிருந்து ஓர் இளைஞர்: தரக்குழு வேண்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஒருவர் வார்த்த படிமத்தை இன்னொருவர் குறை சொன்னால் சண்டைதானே வரும்? அது அவசியமா?

பதில்: ஒரு கைவினைச் சங்கத்தில் இதைவிட முக்கியமான உறுப்பு வேறில்லை. தரக்குழு இல்லாத சங்கத்தின் முத்திரையை வாங்குபவர் ஏன் மதிக்க வேண்டும்? சண்டை வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ‘நன்றாக இல்லை’ என்ற சொல்தான். அந்தச் சொல்லுக்கே இடமில்லாதபடி, கண்ணால் பார்த்தும் கையால் அளந்தும் சொல்லக்கூடியவற்றை மட்டுமே விதியாக எழுதுங்கள்.

உங்கள் ஊரிலேயே அதற்கான வழி இருக்கிறது. தென்னை ஓலையைப் படிமத்தின் உயரத்துக்கு நறுக்கி, அதை, முக நீளத்தை அலகாகக் கொண்டு உடலை அளக்கும் தாளக் கணக்குப்படி மடித்து, முகம், மார்பு, தொடை என்று எல்லை குறித்துக்கொண்டுதானே ஸ்தபதிகள் மெழுகு உருவம் பிடிக்கிறார்கள்? அதே ஓலையைத் தரக்குழுவின் மேசையில் வையுங்கள். பத்துத் தாள உயரம் கொண்ட உத்தம தச தாளம் என்று சொல்லி விற்கும் படிமம் அந்த அளவில் நிற்கிறதா என்பதை ஓலை சொல்லிவிடும்; யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. அடுத்ததாக, மெழுகு உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, மண் காய்ந்த பின் சூடேற்றி மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றியதா, அல்லது ஒரே அச்சில் பல பிரதிகள் எடுத்ததா என்று பார்க்க வேண்டும். மெழுகு முறையில் ஒவ்வொரு படிமத்துக்கும் மண் அச்சை உடைத்தே ஆக வேண்டும் என்பதால் ஒன்று போல் மற்றொன்று அச்சு அசலாக இருக்காது. கன வார்ப்பா, உள்கூடா என்பது எடையில் தெரியும். உளி வேலை எங்கே முடிந்திருக்கிறது, எங்கே அரத்தால் தேய்த்து மறைத்திருக்கிறார்கள் என்பதை அனுபவமுள்ள கண் கண்டுகொள்ளும். அதையும் இன்ன இடத்தில், இன்ன குறை என்று எழுத்தில் கொடுக்க வேண்டும்.

குழுவில் ஐந்து பேர் இருந்தால் இருவரை வேறு ஊரிலிருந்து அழையுங்கள். தம் பட்டறைப் பொருள் வரும்போது அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். திருப்பி அனுப்பிய பொருளைத் திருத்தி மறுபடி கொண்டுவரும் உரிமையையும் விதியிலேயே எழுதுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை: இந்த ஒரு வட்டாரத்திலேயே வீணை, கலைத்தட்டு, தலையாட்டி பொம்மை, நாச்சியார்கோவில் விளக்கு, நரசிங்கம்பேட்டை நாகசுரம் என்று பல தொழில்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சங்கம் சாத்தியமா?

பதில்: சாத்தியம்தான், முன்னுதாரணமும் உண்டு. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் நெசவு, கூடை, மண்பாண்டம், மரச்செதுக்கு என்று சிதறிக் கிடந்த தொழில்களை ஒன்றுசேர்க்க, 1928 டிசம்பரில் வட கரோலினாவில் உள்ள பென்லண்ட் என்னும் சிற்றூரில் சிலர் கூடிப் பேசினார்கள். 1930-இல் அது சங்கமாக உருவெடுத்தது. பல மாநிலங்களின் மலைப்பகுதிகளை உள்ளடக்கிய அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது. அவர்கள் செய்தவற்றில் இரண்டை நாம் கவனிக்க வேண்டும். முதலாவது, சேர விரும்புபவர் தம் கைவேலையைக் காட்டித் தேர்வு பெற்ற பிறகே உறுப்பினராகிறார். இரண்டாவது, விற்பனைக்கு ஓர் இடத்தைத் தொடக்கத்திலேயே பெற்றுவிட்டார்கள். பிரான்சிஸ் குட்ரிச் என்ற பெண்மணி, மலைவாழ் பெண்களின் நெசவை விற்பதற்காகத் தாம் பல ஆண்டுகள் நடத்திவந்த ஆலன்ஸ்டாண்ட் கடையை 1931-இல் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்.

தஞ்சை வட்டாரத்தில் செய்வதானால், கடை, கண்காட்சி, கணக்கு, அரசோடு பேசுவது ஆகியவற்றை மட்டும் பொதுச் சங்கத்திடம் விடுங்கள். தரக்குழு ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனியாக இருக்கட்டும். பலாமரத்தில் குடம் குடையும் வீணை ஆசாரியின் வேலையைப் பொம்மைக்காரர் மதிப்பிடக்கூடாது. செயற்குழுவில் தொழிலுக்கு ஓர் இடம் என்று ஒதுக்குவதும் அவசியம். இல்லையென்றால் ஆள்பலம் அதிகமுள்ள தொழிலே எல்லாப் பதவிகளையும் எடுத்துக்கொள்ளும்.

உதகையிலிருந்து ஒருவர்: புவிசார் குறியீடு கிடைத்துவிட்ட பிறகு சங்கம் எதற்கு?

பதில்: குறியீடு கிடைத்த பிறகுதான் சங்கத்துக்கு வேலையே தொடங்குகிறது. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் பதிவேட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் பதிவு உரிமையாளரின் பெயரும், இரண்டாம் பகுதியில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்களின் பெயர்களும் இருக்கும். ஊர்ப்பொருளுக்குக் குறியீடு வந்துவிட்டதாலேயே அங்குள்ள கைவினைஞர் பயனாளர் ஆகிவிடுவதில்லை. அவர் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். படிவம் நிரப்பத் தெரியாத காரணத்தால், தம் பொருளின் குறியீட்டைத் தாமே பயன்படுத்த உரிமை பெறாத எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்பது மனத்தை வருத்துகிறது. போலிப் பொருள் விற்பவர் மேல் வழக்குத் தொடுக்கும் உரிமையும் இந்த இரு பகுதிகளில் பெயர் உள்ளவர்களுக்குத்தான். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். இவற்றையெல்லாம் தனி ஆள் கவனித்துக்கொண்டிருக்க முடியாது. உங்கள் நீலகிரியின் தோடர் பூத்தையலுக்கு 2013-இல் குறியீடு கிடைத்தபோது, தோடர்களின் சொந்தச் சங்கமும் விண்ணப்பதாரர்களில் ஒன்றாக இருந்தது. மற்ற சமூகங்களும் அப்படித் தம் பெயரிலேயே நிற்க வேண்டும் என்பது என் விருப்பம்.

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி: கொட்டான் என்னும் பனையோலைக் கூடை முடையும் எங்கள் குழுவில் சந்தா எவ்வளவு வைக்கலாம்? பணத்தை யார் பொறுப்பில் வைப்பது?

பதில்: மாதச் சந்தா, ஒரு நாள் முடைவதில் கிடைக்கும் கூலியைத் தாண்டக்கூடாது. அதோடு, சங்கத்தின் வழியே விற்கும் ஒவ்வொரு கொட்டானிலிருந்தும் சிறு தொகையைப் பொதுநிதிக்குப் பிடித்துக்கொள்ளுங்கள். அதிகம் விற்பவர் அதிகம் கொடுப்பதுதான் முறை. வங்கிக் கணக்கில் இருவர் சேர்ந்து கையெழுத்திட்டாலே பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள். அந்த இருவரும் ஒரே குடும்பத்தவராக இருக்க வேண்டாம். மாதக் கூட்டத்தில் வரவுசெலவை உரக்கப் படியுங்கள். உத்தம சோழன் காலத்தில் கோயில் பொருளை நிர்வகிக்கும் பொறுப்பைக் காஞ்சிபுரத்து நெசவாளர்களிடம் ஒப்படைத்த செப்பேடு சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கைத்தொழில் செய்பவர்களுக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளியாளைப் பொருளாளர் ஆக்காமல், உங்களில் ஒருவரையே அந்தப் பொறுப்பில் வைத்து, முதல் ஆண்டு மட்டும் ஒரு தணிக்கையாளரின் உதவியைக் கேட்டுப் பெறுங்கள்.